முன்பக்க நம்பர் பிளேட்டுக்கு மூன்று சிட்டிங்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என் அத்தானைக் கிண்டல் செய்வதற்காகத்தான் தொடங்கினேன். கல்லூரி ஆண்டு மலருக்கு, "சிரிக்கிற மாதிரி ஒண்ணு குடுடா, பக்கம் காலியா கிடக்கு" என்று கேட்டார்கள். வீட்டில் ஒரு பல் டாக்டரையும் பிராக்கெட் இல்லாத ஒரு காரையும் வைத்துக்கொண்டு நான் எதற்கு வெளியே போய்க் கற்பனை தேட வேண்டும்?

கார் அக்காவுடையது. பழைய வண்டி, ஆனால் நல்ல வண்டி. பின்னால் நம்பர் பிளேட் ஒழுங்காக இருக்கிறது. முன்னால்தான் வில்லங்கம். பிளேட் கையில் இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்க பம்பரில் ஒரு கருப்பு பிளாஸ்டிக் சட்டம் இருக்க வேண்டும், அது இல்லை. அதற்குப் பெயர்தான் பிராக்கெட். வண்டியை விற்றவர் கழற்றி எங்கேயோ வைத்தாராம். அந்த எங்கேயோ எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. அந்த மாடல் நின்று பத்து வருடமாகிறது. கடைகளில் கேட்டால் நம்மையே பாவமாகப் பார்க்கிறார்கள். பம்பரோ அப்போதுதான் சவரம் செய்த கன்னம் மாதிரி வழுவழு. ஒரு துளை கிடையாது.

அக்கா பிளேட்டை முன் கண்ணாடிக்கு உள்ளே சாய்த்து வைத்து ஓட்டிப் பார்த்தாள். போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். "பம்பர்ல மாட்டிட்டு ஓட்டுங்கம்மா. அடுத்த தடவை பார்த்தேன்னா வண்டி எங்ககிட்டதான் நிக்கும்."

அக்காவுக்குப் புது வேலை வந்திருந்தது. ஊருக்கு வெளியே அறுபது கிலோமீட்டரில் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையம். அதன் பரிசோதனைக் கூடத்துக்கு இனி அவள்தான் பொறுப்பு. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. உத்தரவு வந்த நாளிலிருந்து சேர வேண்டிய திங்கள்கிழமைவரை மூன்று வாரம் இருந்தது.

இரண்டு ஸ்க்ரூ, ஒரு டிரில், மூன்று வாரம். தினமும் பத்துப் பேர் வாயில் டிரில் ஓட்டும் மனிதர் அதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறார். இதில் கதை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

2

ஆரம்பங்கள்.

'மேகம் கறுத்திருந்த அந்தச் சனிக்கிழமை, பல் டாக்டர் தன் மனைவியின் காரை ஏறிட்டு' – வேண்டாம். அன்றைக்கு மண்டையைப் பிளக்கும் வெயில். ஆண்டு மலர்க் கதைகளில் மட்டும் மேகம் ஏன் இப்படிக் கறுத்துத் தொலைக்கிறது?

'கணவன் என்பவன் யார்?' – இதை எழுதிவிட்டு நானே பயந்து பேனாவை மூடிவிட்டேன்.

மூன்றாவது ஆரம்பம்தான் நிலைத்தது:

பல் டாக்டர் காரின் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து, பம்பருக்கு மேலே இருந்த கம்பி இடுக்கில் நுழைத்து, பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். "ம்ம்" என்றார். அந்த 'ம்ம்' கேட்டு எத்தனையோ பேர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருக்கிறார்கள். கார் அசையவில்லை.

"என்னங்க, பின்னாடி நரம்பா ஓடுது?" என்றாள் அக்கா.

"ஒயர் ஓடுது. பார்க்காம துளை போடக் கூடாது."

"உங்க தொழிலே துளை போடறதுதானே?"

"பல்லு வேறம்மா. அங்க ஏற்கெனவே சொத்தை இருக்கும், நான் சுத்தம் பண்ணி அடைக்கிறேன். நல்ல பல்லுல நான் கை வைக்க மாட்டேன்." பம்பரைத் தடவிக்கொடுத்தார். "இது நல்லா இருக்கு. இதைப் போய்…"

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அது உலகத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது. துளை போட வேண்டாம். பம்பரின் வளைவுக்கு அச்சு எடுத்து, பல் செட் செய்கிற மாதிரி ஒரு பிராக்கெட் செய்துவிடலாம்! முதல் சிட்டிங்கில் அளவு. இரண்டாவதில் அச்சு. மூன்றாவதில் மாட்டிப் பார்ப்பது. இரண்டாவது சனிக்கிழமை, பல் அச்சு எடுக்கும் மாவை ஒரு கிண்ணம் நிறையக் குழைத்துப் பம்பரில் அப்பி, அது இறுகும்வரை கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அடுத்த சனிக்கிழமை மீதியைப் பார்க்கலாம்" என்றார். காரிடம் சொன்னாரா அக்காவிடம் சொன்னாரா என்பது எனக்குத் தெரியவில்லை.

(வாசகர் கேட்கலாம்: இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டால் என்ன? போட்டோம். பத்து மணிக்கு ஒட்டினோம்; மத்தியானத்துக்குள் பிளேட் குப்புற விழுந்து தெருவைப் பார்த்துக் கிடந்தது.)

3

மூன்றாவது சனிக்கிழமை பிராக்கெட் தயாரானது. பல் செட் செய்கிற பொருளில் செய்ததால் அது ஈறு நிறத்தில் இருந்தது. இளஞ்சிவப்பு. கம்பி இடுக்கில் பிளாஸ்டிக் கேபிள் டை நான்கு போட்டு இறுக்கி, நடுவில் வெள்ளைப் பிளேட்டை மாட்டியதும், கார் முதல்தடவையாகச் சிரித்தது. பல் டாக்டர் நாலடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மாடி வீட்டு எலக்ட்ரீஷியன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "டாக்டர், இதுக்கு ராத்திரி கழட்டி தண்ணில போடணுமா?" என்றார்.

அக்கா வண்டியை எடுத்தாள். தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கினாள். 'படக்'.

பல் டாக்டர் ஓடிப்போய் இரண்டு துண்டையும் பொறுக்கினார். ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தார். "சுத்தமான உடைப்புதான். ஒட்டிடலாம். புதன்கிழமை சாயந்தரம் வாங்க" என்றார்.

வாங்க. கட்டின மனைவியிடம்.

அன்றைக்குச் சனிக்கிழமை. அக்கா வேலையில் சேர வேண்டியது திங்கள்கிழமை. அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, உள்ளே போனாள்.

இந்த இடத்தில் எனக்குக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதுவரை நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு வேடிக்கை மனிதரை. இப்போது பார்த்தால், பெண்டாட்டி வேலைக்குப் போகக் கூடாது என்று நாசூக்காகக் காலம் கடத்தும் ஒரு வில்லன் மாதிரி இருக்கிறார். அப்படியே ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். 'அவர் உதட்டோரம் ஒரு புன்னகை' – கிழித்துவிட்டேன். அத்தானுக்கு உதட்டோரம் மாஸ்க்தான் இருக்கும். தவிர, முந்தின நாள்தான் அந்த வண்டியின் நாலு டயருக்கும் காற்றைச் சரி பார்த்து, ஸ்டெப்னிக்கும் பார்த்து, வழியில் எத்தனை பெட்ரோல் பங்க் என்று காகிதத்தில் எழுதி உள்ளே வைத்திருந்தார். வில்லன்கள் ஸ்டெப்னிக்குக் காற்றடிப்பார்களா? எனக்குத் தெரிந்தவரை இல்லை.

அன்று மாலையே எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

4

(இந்தப் பகுதி அக்கா கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது. அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். அழவில்லையாம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாளாம். பேசியதை மட்டும் விட்டுவைக்க அனுமதி கிடைத்திருக்கிறது.)

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா உனக்கு ஒரு விஷயம் தெரியாது."

"என்ன?"

"வியாழக்கிழமை குவார்ட்டர்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். அங்கேயே ஒரு வீடு தர்றாங்க. திங்கக்கிழமை சாவி. ஆபீஸ் ஜீப் வந்து கூட்டிட்டுப் போகும். சனி ஞாயிறு இங்க வருவேன்."

"என்னக்கா இது! தினமும் போயிட்டு வர்றதாத்தானே பேச்சு?"

"எதுலடா வர்றது? நடந்தா? வண்டி ஓடினா சாயந்தரம் வீட்டுக்கு வந்துடலாம்னுதான் வண்டியே வாங்கினேன்."

"அத்தான்கிட்ட சொன்னியா?"

"அவர் கேட்டாரா? போகாதேன்னாவது சொல்லலாம், போன்னாவது சொல்லலாம். மூணு வாரமா பம்பரையே பார்த்துட்டிருந்தா நான் என்னன்னு எடுத்துக்கறது?"

5

எழுதுகிறவன் கதாபாத்திரங்களின் குடும்ப விஷயத்தில் தலையிடக் கூடாது. இது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். நான் தலையிட்டேன். நாலாம் பகுதியை நீக்குவதற்கு முன்பே அதைக் கொண்டுபோய் கிளினிக்கில், பல் பிடுங்கும் கொறடுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வரவேற்பறைக்கு வந்தேன்.

அரை மணி நேரத்தில் அத்தான் காகிதத்தோடு வந்து நின்றார்.

"மச்சான், இது கதையா?"

"கதைதான் அத்தான். யார் பேரும் போடலையே."

"குவார்ட்டர்ஸும் கதையா?"

நான் செருப்பைப் பார்த்தேன். அது போதுமானதாக இருந்தது.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதலாம், இடமும் இருக்கிறது. ஆனால் அவரே சொன்னது அதைவிட நன்றாக இருந்தது:

"நான் மெதுவாத்தான் செய்வேன், உனக்கே தெரியும். ஆனா இது முழுக்க அது இல்ல. பாதி என் வேலை அப்படி. மீதி பாதி… பிளேட்டை மாட்டிட்டா அவ போயிடுவான்னு இருந்திருக்கும் போல. எனக்கே இப்பதான் தெரியுது." காகிதத்தை நாலாக மடித்துவிட்டு, "மாட்டாததாலதான் போறாளா?" என்றார்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. எலக்ட்ரீஷியனிடம் டிரில் இரவல் வாங்கி வந்தாயிற்று. பல் டாக்டர் பம்பரில் காகித டேப் ஒட்டினார். பிளேட்டை வைத்து, அதன் மேல் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவே வரும்வரை மூச்சுவிடாமல் இருந்து, இரண்டு ஓட்டைக்கும் பேனாவால் புள்ளி வைத்தார். குட்டிக் கண்ணாடியால் பின்புறத்தை மறுபடி பார்த்தார். ஒயர் தள்ளித்தான் ஓடியது. முதல் சனிக்கிழமையும் தள்ளித்தான் ஓடியது.

டிரில்லைத் தூக்கினார். இருபது வருடமாக ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்வதையே, பழக்கதோஷத்தில் பம்பரைப் பார்த்துச் சொன்னார்:

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க."

நான் சிரித்துவிட்டேன். டிரில் ஓட ஆரம்பித்தது. முனை டேப்பைத் தொட்டது. அப்போது வாசற்படியில் நின்றிருந்த அக்கா இடது கையைத் தூக்கினாள்.

அவர் திரும்பவில்லை. பளபளவென்றிருந்த பானெட்டில் அந்தக் கை தெரிந்திருக்க வேண்டும். விரல் தானாக விசையை விட்டது. யார் கை தூக்கினாலும் அவர் நிறுத்திவிடுவார்.

"எங்க வலிக்குது?"

"மூணு வாரமா வலிக்குது."

"சொல்லியிருக்கலாமே."

"வாயைத் திறந்து வச்சுக்கச் சொல்லிட்டுக் கேள்வி கேட்டா யாரால பதில் சொல்ல முடியும்?"

இதற்கு அத்தான் சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மன்னிப்புக் கேட்கிறார், ஒன்றில் நியாயம் பேசுகிறார், ஒன்றில் டிரில்லைக் கீழே போட்டுவிட்டு – சினிமா மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். நிஜத்தில் அவர் கேட்டது இவ்வளவுதான்:

"போடட்டுமா, வேண்டாமா?"

"போடுங்க."

"போட்டா சாயந்தரம் வந்துடுவியா?"

பால்கனியிலிருந்து எலக்ட்ரீஷியன் குரல் கொடுத்தார். "டாக்டர், டிரில்லு ஆச்சா? ஒரு வீட்ல ஃபேன் மாட்டப் போகணும்!"

"முதல்ல மாட்டுங்க" என்றாள் அக்கா. எலக்ட்ரீஷியனிடமா, இவரிடமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு துளை, இரண்டு ரப்பர் வளையம், இரண்டு ஸ்க்ரூ. நாற்பது நொடி ஆனது. எண்ணினேன். பிளேட் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

7

இன்றைக்குத் திங்கள்கிழமை. மாலை ஆறே கால். கிளினிக் வரவேற்பறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஜன்னல் வழியாக எங்கள் வீட்டுத் தெரு தெரிகிறது.

அக்கா காலையில் ஆறரைக்குக் கிளம்பினாள். ஜீப் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பின் சீட்டில் ஒரு பை இருந்தது. பரிசோதனைக் கூடத்துக் கோட்டாக இருக்கலாம், மாற்றுத் துணியாகவும் இருக்கலாம். ஜிப் மூடியிருந்தது. 'வர்றேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கிளம்புகிற எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதை வைத்து ஒரு முடிவும் கட்ட முடியாது. வேலை ஐந்து மணிக்கு முடியும். குவார்ட்டர்ஸ் சாவியையும் இன்றைக்குத்தான் கொடுப்பார்கள்.

கைவசம் இருக்கும் முடிவுகள்:

(அ) வந்துவிடுகிறாள். ஆண்டு மலர்க் குழுவுக்குப் பிடிக்கும்.

(ஆ) வரவில்லை. அங்கே ஒரு வீடு, தன் பெயரில், சத்தமில்லாமல். மூன்று வாரம் காத்திருந்தவளுக்கு அதிலும் நியாயம் இருக்கிறது. என் பேராசிரியருக்குப் பிடிக்கும்.

(இ) வழியில் அதே காவலர் நிறுத்தி, பிளேட்டைப் பார்த்து – இல்லை, இது நான் தப்பித்து ஓடுவது.

போன் பண்ணிக் கேட்டால் என்ன என்பீர்கள். அத்தான் கூடாது என்றுவிட்டார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் அவள் எடுக்கக் கூடாது. ஓட்டாமல் உட்கார்ந்திருந்தால், எங்கள் இரண்டு பேருக்குமே அதைத் தெரிந்துகொள்ளும் தைரியம் இல்லை.

உள்ளே கடைசி நோயாளி கொப்பளிக்கும் சத்தம் கேட்கிறது. அத்தான் கை துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். இதோடு நாலாவது தடவை.

"முடிச்சுட்டியா?"

"கடைசிப் பத்திதான் அத்தான். அவ வந்துட்ட மாதிரி எழுதிடட்டுமா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். ரொம்ப நேரம் யோசித்தார். அவர் எதையுமே அவசரமாக யோசிக்கிறவர் இல்லை.

"வேண்டாம் மச்சான். நீ எழுதிட்டா, வந்தாலும் நீ எழுதினதால வந்த மாதிரி ஆயிடும். அவளா வரட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆகவே நான் எழுதப்போவதில்லை. தெருமுனையில் ஏதோ ஒரு வண்டி திரும்புகிறது. விளக்கு வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. முன்னால் இருக்கும் நம்பர் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்து சொல்லிவிடாதீர்கள், அவர் காதில் விழுந்துவிடும்.