ஹால்வார் கை காட்டவில்லை

சென்யா தீவுச் சாலையில் எதிரே ஒரு கேரவன், அதாவது வீட்டு வண்டி, வந்தால் இந்தப் பக்கத்துக் கேரவன்காரர் வணக்கமாகக் கையைத் தூக்கிக் காட்டியே தீர வேண்டும். ஹால்வார் இதில் மகா கறார். காட்டாமல் போகிறவனை அடுத்த ஊர் வரைக்கும் திட்டிக்கொண்டே ஓட்டுவார். அதைக் கேட்டுக் கேட்டு அவர் மனைவி குன்வோருக்குக் காது புளித்துவிட்டது.

அன்று காலை வெள்ளை மணல் கடற்கரையையும் பழைய படகுத்துறையையும் பார்த்துவிட்டு, வழியில் ஒரு கடையில் வாஃபிள் அப்பம் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஹால்வார் தட்டின் இடப்பக்கத்துப் பாதியைத் தொடாமலே எழுந்துவிட்டார்.

"என்ன கிழவா, மீதிய யாருக்கு வெச்சிருக்க?"

"எல்லாந்தான் தின்னுட்டேனே!"

விளையாடுகிறார் என்று அவள் சிரித்தாள். மிச்சத்தையும் தானே தின்று முடித்தாள்.

மறுபடி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எதிரே ஒரு கேரவன் வந்தது. அதன் ஓட்டுநர் கையை நன்றாகத் தூக்கி ஆட்டினார். ஹால்வாரின் கை ஸ்டீயரிங்கை விட்டு எழவே இல்லை.

"அந்த ஆளு மேல என்ன கோபம் உனக்கு?"

"எந்த ஆளு?"

"இப்பப் போன கேரவன்ல."

"கேரவனா? எங்க போச்சு?"

குன்வோர் அவர் பக்கம் திரும்பி உற்றுப் பார்த்தாள். அந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம்தான் ஓடும்; எதிரே வருகிறவை எல்லாம் அவருக்கு இடப்பக்கமாக வருகிறவை. வாஃபிளிலும் மிஞ்சியது இடப்பக்கம்தான். காலையில் தலை வலிக்கிறது என்று மாத்திரை வேறு போட்டிருந்தார். அவள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்து முடிப்பதற்குள் வளைவில் ஒரு பேருந்து திரும்பியது. இவர்கள் கேரவன் பாட்டுக்கு நடுக்கோட்டின் மேலேயே போய்க்கொண்டிருந்தது.

"வலது! வலது பக்கம் போ!" என்று அலறினாள்.

பேருந்து கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்து போனது.

"சனியன், எங்கேருந்துடா குதிச்சான்!" என்றார் ஹால்வார். அவர் குரலில் கோபம்தான் இருந்தது, துளி பயம் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

முன்னால் மலைக்குள் குடைந்த சுரங்கப்பாதையின் பலகை தெரிந்தது. ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரே வருகிறவனைப் பார்த்து ஒதுங்கத் தெரியாவிட்டால் உள்ளேயே கதை முடிந்துவிடும். 'உனக்குக் கண் தெரியவில்லை' என்று சொன்னாலோ, மனிதர் இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வருவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். அவசரமாக ஒதுங்கணும் என்று சொல்லலாமென்றால், கக்கூஸ் வண்டிக்குள்ளேயே இருக்கிறது.

"ஐயையோ, ஹால்வார்! ஏறுற படிய மடக்கவே இல்ல. வெளிய துருத்திக்கிட்டு நிக்குது!"

படியை மடக்காமல் ஓட்டுகிறவனைக் கண்டால் கேரவன்காரர்கள் ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த மானக்கேட்டை ஹால்வார் தாங்கமாட்டார். சுரங்கத்துக்கு முன்னால் வலப்புறம் கடல் பார்ப்பதற்காக இருந்த திடலில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார்.

குன்வோர் சாவியை உருவிக்கொண்டாள். ஆம்புலன்ஸை அழைத்து, அவருக்கு மூளையில் அடைப்பு போலிருக்கிறது, இடப்பக்கம் எதுவுமே தெரியவில்லை, சுரங்கத்துக்கு முன்னால் நிற்கிறோம் என்று சொன்னாள். உடனே வருவதாகச் சொன்னார்கள்.

"பொய் சொல்லுற கிழவி! படி உள்ளதான இருக்கு!" வெளியே நின்று அவர் கத்தினார்.

"நான்தான் தப்பாப் பாத்துட்டேன். வா, வந்ததுக்குக் கடலப் பாப்போம்."

அவரைக் கம்பித் தடுப்பின் பக்கம் கூட்டிப்போனாள். அவருடைய இடப்பக்கம் நின்று இடது கையை இறுகப் பற்றிக்கொண்டாள். கீழே அலை பாறையில் மோதிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஹால்வார் வலப்பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. முதன்முதலாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

"குன்வோர்? என்னைத் தனியா விட்டுட்டு எங்க போயிட்ட?"

அவள் பற்றியிருந்த கையை இன்னும் அழுத்தினாள். அது தெரியாமல் அவர் வலப்பக்கமாகவே தேடிக்கொண்டிருந்தார்.