வலது கையில் மை

அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டுத் துழாவியவன், அப்பாவின் வெள்ளைச் சட்டை என்று நினைத்து உருவியது தன்னுடைய பழைய பள்ளிக்கூடச் சட்டையை. வலது கையில், மணிக்கட்டுப் பட்டியிலிருந்து முழங்கை வரை கறுப்பு மை. பதினெட்டு வருஷத்துக் கறை, நேற்றுக் கொட்டியதுபோல அப்படியே இருந்தது.

“அது இல்லடா, அதுக்கு அடியில இருக்கு பாரு,” என்றாள் வாசலில் நின்ற அம்மா. பிறகு பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு அம்மாளிடம், அழுது வீங்கிய முகத்தோடு கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். “அவரு தோத்த ஒரே சட்டை அதுதான்.”

அந்த மூன்றாவது மாடி வீட்டின் முன்னறையில் அப்பா பனியனோடு படுத்திருந்தார். ஊரார் சட்டையெல்லாம் பளிச்சென்று ஆக்கிக் கொடுத்த மனுஷன், போட்டுக்கொண்டு போக ஒரு சட்டைக்குக் காத்திருந்தார். பதினொரு மணிக்கு வண்டி. சலவைக்கடையில் அவரோடு முப்பது வருஷம் வேலை பார்த்த இஸ்திரி மாமா, வீட்டு இஸ்திரிப் பெட்டியை நம்பாமல் கடைப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து, பின்னறையில் போர்வையை விரித்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். இவர் சொந்த மாமா இல்லை. சொந்த மாமாக்கள் இரண்டு பேரும் ஒன்பது மணிக்கு வந்து, மின்விசிறிக்கு அடியில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். இவர் விடிவதற்குள் வந்துவிட்டார்.

அவன் வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்து மாமாவிடம் கொடுத்தான். மைச் சட்டையை மறுபடி உள்ளே வைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தான்.

அப்பா கறை எடுப்பவர். கடையில் துவைக்க இயந்திரம் இருந்தது, கறைக்கு அவர் இருந்தார். துரு, எண்ணெய், ரத்தம், உதட்டுச் சாயம், எதுவானாலும் துணியைத் திருப்பிப் போட்டு, பஞ்சில் மருந்தைத் தொட்டு, பின்பக்கமாகவே ஒற்றி ஒற்றி எடுத்துவிடுவார். உதட்டுச் சாயம் யார் சட்டையில் இருந்தது என்று மட்டும் தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டார். கறைக்கு வாய் உண்டு, எனக்குக் கிடையாது என்பார். அப்பேர்ப்பட்டவர் சொந்த மகன் சட்டையில் தோற்றுப்போனது குடும்பத்தில் பெரிய கதை. பள்ளிக்கூடத்தில் எவனோ ஒரு முரடன் மகன் மேல் மை ஊற்ற வந்தானாம், பிள்ளை கையை வைத்துத் தடுத்தானாம், அந்த மைக்கு எந்த மருந்தும் பலிக்கவில்லையாம். நாலு பேர் கூடினால் அம்மா இதைத்தான் எடுப்பாள். அப்பா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

கதை பொய். மை ஊற்றிய முரடன் அவனேதான்.

வகுப்பில் நெடுநெடுவென்று ஒல்லியாக ஒரு பையன் இருந்தான். அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்ததே இவன்தான், அது பள்ளிக்கூடம் முழுக்க ஒட்டிக்கொண்டது. ஒட்டடைக்குச்சிக்கு எந்நேரமும் பாட்டு. கணக்குப் போடும்போது பாடுவான், படி ஏறும்போது பாடுவான். யாரும் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை, தானாக வரும். அது இவனுக்குப் பொறுக்கவில்லை. ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஒரு நாள் ஓவிய வகுப்பு மைப்புட்டியைத் திறந்து, பெஞ்சில் குனிந்து பாடிக்கொண்டிருந்தவனின் பிடரியில் கவிழ்த்தான். முதுகெல்லாம் வழிந்தது. வகுப்பே சிரித்தது. கவிழ்த்த வேகத்தில் தன் கையிலும் கொட்டிக்கொண்டான். வீட்டில் கேட்பார்களே என்று வழியிலேயே கதை கட்டினான், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். அப்பா சட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, முதுகில் ஒன்றும் படவில்லையா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றான். “ம்” என்றார்.

அந்த வருஷம்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் தொலைக்காட்சியில் அந்தப் பாட்டுத் தொடர் ஆரம்பித்தது. அப்பா அதற்கு வைத்த பெயர் ‘பாட்டு ஸ்கூல்’. ஒரு உயர்நிலைப் பள்ளி. எந்த அணியிலும் எவனும் சேர்த்துக்கொள்ளாத ஏழு பிள்ளைகள். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்த ஒரு கிடங்கறையில் கூடிப் பாடுவார்கள். காதில் கருவி மாட்டிய பையன் தாளம் தட்டுவான், வகுப்பில் நாலு வார்த்தை பேசத் திக்குகிற பெண் பாட்டென்றால் வெளுத்துக் கட்டுவாள். தலைமையாசிரியர் திட்டிக்கொண்டிருக்கும்போதே, பாதி வசனத்தில் பாட்டு கிளம்பிவிடும். போட்டிக்குப் போய் மண்ணைக் கவ்விவிட்டு வரும் வண்டியிலும் பாட்டுத்தான். நம்பவே முடியாத கூத்து. ஆனால் அந்த மூன்று நிமிஷத்துக்கு, காலையிலிருந்து பட்ட அவமானமெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று ஆகிவிடும். விரலெல்லாம் மருந்து வாடையோடு வந்து உட்காரும் அப்பா, அதில் வருகிற மொக்கை ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார். “வாடா, பாட்டு ஸ்கூல் வந்துருச்சு” என்று மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் அடிபட்ட பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கூப்பிடுகிறார் என்றுதான் அவன் நினைத்தான்.

வெட்கக்கேடு என்னவென்றால், அவனுக்கும் அந்தத் தொடர் பிடித்திருந்தது. அந்த ஏழு பேருக்காகக் கண் கலங்குவான். பார்க்கிற அத்தனை பேரும் தங்களைக் கிடங்கறைக்குள்தான் உட்கார வைத்துக்கொள்வார்கள். கதவை வெளியே பூட்டிவிட்டுச் சிரிக்கிறவன் நான்தான் என்று எவன் நினைப்பான்? வெள்ளிக்கிழமை கண்ணைத் துடைத்துக்கொள்வான், திங்கட்கிழமை ஒட்டடைக்குச்சி நடந்து வருகிற வழியில் காலை நீட்டுவான்.

ஒரு வாரம், தொடரில் அப்படிக் கதவைப் பூட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஓட்டப்பந்தயக்காரப் பையன் தானே வந்து கிடங்கறை வாசலில் நின்றான். செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். சரி, பாடு என்றார்கள். பாடினான், கழுதை தோற்றது. மற்ற நாளாக இருந்தால் அப்பா உருண்டு சிரித்திருப்பார். அன்றைக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல் மகனையே பார்த்தார். அவன் வீட்டுப்பாடம் இருக்கிறது என்று எழுந்து போனான்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்தத் தொடரை மறுபடி மறுபடி போட்டார்கள். அந்த வாரத்துக் கதை வருகிற நாளில் அப்பாவிடமிருந்து தவறாமல் போன் வரும், முடிந்தால் பாருடா என்பார். அவனுக்கு வேலை இருக்கும். லிஃப்ட் கம்பெனியில் புகார் கேட்கிற வேலை. நடுமாடியில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் ஒரு நாளைக்கு அறுபது தடவை மன்னிப்புக் கேட்பான். குரலில் தேன் சொட்டும். அதற்காகவே இரண்டு தடவை பரிசு வாங்கியிருக்கிறான்.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில், அப்பா மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்.

“அந்த மை விஷயம்... மன்னிப்பெல்லாம் ஆச்சாடா?”

அம்மாவும் அக்காவும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அவனுக்கு அந்தத் தேன் குரல் தானாக வந்தது.

“நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்ப்பா.”

அப்பா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். சரிப்பா என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் யாரிடமும் பேசவில்லை. ஐந்தரை மணிக்குப் போய்விட்டார். உனக்குப் பெரிய மனசுடா என்று அக்கா அழுதுகொண்டே அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பத்து மணி இருக்கும். நிலையில் இடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு ஒருவன் உள்ளே வந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது, உயரம் அப்படியே. ஒட்டடைக்குச்சி.

ஒட்டடைக்குச்சி அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அம்மாவிடம் போய், பள்ளிக்கூட நாளிலிருந்து கடைக்கு வருகிற பழக்கம் என்றும், சார் தனக்கு ஒரு பெரிய உதவி செய்திருக்கிறார் என்றும் தணிந்த குரலில் சொன்னான். வாடிக்கைக்காரர் ஒருவர் வந்ததில் அம்மாவுக்கு ஒரு ஆறுதல். உனக்கும் கறை எடுத்துக் கொடுத்தாரா என்று கேட்டாள். ஆமாம் என்றான்.

“எல்லார் கறையும் எடுத்தாரு தம்பி. சொந்தப் புள்ள சட்டைலதான் தோத்துட்டாரு,” என்று அம்மா திரும்பி, மகன் கையிலிருந்த சட்டையை வாங்கி விரித்துக் காட்டினாள். “பாரு. எவனோ ஒரு பாவி இவன் மேல ஊத்திட்டான். அவன் நல்லா இருப்பானா?”

ஒட்டடைக்குச்சி அந்தச் சட்டையைப் பார்த்தான், வலது கையைப் பார்த்தான், பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தான். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தேவலை. இவன் தரையைப் பார்த்தான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்று அவனுக்குத் தெரியும்.

“நல்லா இருக்கட்டும்மா. விடுங்க,” என்றான் ஒட்டடைக்குச்சி.

மகன் பின்னறைக்கு ஓடினான். ஓடினான் என்றுதான் சொல்ல வேண்டும். மாமா வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டியை இழுத்துப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“அந்தப் பையன் வந்துட்டான் போல.”

“எந்தப் பையன் மாமா?”

“நடிக்காத.”

மாமா தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார். அதே வாரம் அந்தப் பையனின் அம்மா அவன் சட்டையைக் கடைக்குக் கொண்டு வந்திருக்கிறாள். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பிள்ளை வாயையே திறக்க மாட்டேன் என்கிறான் என்று அங்கேயே நின்று அழுதிருக்கிறாள். அப்பா இரண்டு சட்டையையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டாராம். அதே மை. ஒன்றில் கழுத்தும் முதுகும், இன்னொன்றில் வலது கை. அன்றைக்கு முழுக்க அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. நாலு நாள் உட்கார்ந்து அந்தப் பையன் சட்டையில் ஒரு பொட்டு இல்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

“அப்ப என் சட்டை?”

“அத அவரு தொடவே இல்லடா. தோத்தாராமே, தோத்தாரு. அவன் வாயால சொல்லட்டும், அன்னைக்கே எடுத்துத் தரேன்னாரு. அதுக்குன்னு ஒரு சின்னப் புட்டில மருந்து தனியா இருக்கு. ஆவியாயிடுச்சுன்னு போன வருஷம்கூட மாத்தி ஊத்தினாரு.”

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். பதினெட்டு வருஷம் அந்த மனுஷன் தன்னைத் தோற்றவனாக்கிக்கொண்டு, நாலு பேர் நடுவில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டிருக்கிறார். நேற்றும் கூப்பிட்டார். இவன் என்ன செய்தான்? அடி வாங்கியவன் கொடுக்க வேண்டிய மன்னிப்பையும் திருடி, பெரிய மனசோடு எடுத்துக் கொடுத்தான். சீ என்று இருந்தது. தன் தோலையே உரித்துப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

“இந்தா, போட்டு விடு. சூடு ஆறிடும்,” என்று மாமா சட்டையை நீட்டினார்.

இரண்டு பேருமாக அப்பாவைத் தூக்கிச் சட்டையைப் போட்டார்கள். துணி வெதுவெதுப்பாக இருந்தது, கை சில்லிட்டிருந்தது. அவன் வலது கைப் பட்டியில் பொத்தானை மாட்டினான். மாட்டிவிட்டு, அங்கேயே மண்டியிட்டபடி சொன்னான்.

“அம்மா. மை ஊத்துனது நான்தான். இவன் மேல.”

தேன் குரல் கைகொடுக்கவில்லை. அந்த ஓட்டக்காரன் பாட்டைப் போலக் கட்டைக் குரல்தான் வந்தது. அம்மாவுக்கு முதலில் பிடிபடவில்லை. என்னடா சொல்றே என்றாள். அவன் மறுபடி சொன்னான், இந்தத் தடவை முழுசாக, பாடிக்கொண்டிருந்ததையும், பிடரியையும், வகுப்பு சிரித்ததையும், அப்பாவுக்குத் தெரியும் என்பதையும் சேர்த்து. மின்விசிறிக்கு அடியில் பேசிக்கொண்டிருந்த மாமாக்கள் நிறுத்திவிட்டார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா மடியில் கிடந்த சட்டையை மடிக்கப் பார்த்தாள். வலது கையை உள்ளே தள்ளி மடித்தாள், பிறகு என்ன தோன்றியதோ, அதை வெளியே எடுத்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டாள்.

ஒட்டடைக்குச்சியிடம் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று பாக்கி இருந்தது. ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்கிற வார்த்தைதான். இங்கே வரவில்லை. ஒட்டடைக்குச்சி அங்கிருந்து போகவில்லை.

வண்டிக்காரர் சவப்பெட்டியோடு வந்துவிட்டார். லிஃப்டில் பெட்டி நுழையாது, மூன்று மாடி படியில்தான் இறக்க வேண்டும், நாலு பேர் வேண்டும் என்றார். இஸ்திரி மாமா பின்னால் ஒரு பக்கம் போனார், வண்டிக்காரர் இன்னொரு பக்கம். முன்னால் மகன் ஒரு மூலையைப் பிடித்தான். நாலாவது ஆளுக்காக எல்லோரும் மாமாக்களைப் பார்த்தார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்கு இடுப்பு.

ஒட்டடைக்குச்சி கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

தோளுக்கு ஏற்றியதும் அவன் பக்கம் உயர்ந்து பெட்டி சாய்ந்தது. உள்ளே அப்பா நகர்ந்தது மகனுக்குத் தோளில் தெரிந்தது. பாரம் முழுக்க இவன் பக்கம் வந்து இறங்கியது.

“இரு,” என்றான் ஒட்டடைக்குச்சி. முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, பக்கத்தில் நின்றவனின் தோள் எவ்வளவோ அவ்வளவுக்குத் தாழ்ந்தான். பெட்டி நேராயிற்று. வெளி நடை முழுக்க அப்படியே மடங்கிய காலோடு நடந்து, முதல் படியில் காலை வைத்தான்.