ஈறுராஜா தைலத்தின் லேபிள்

மருந்துப் புட்டியின் லேபிளில் இருக்கும் ஒரு சொல்லை விரலால் ஆட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஆவாரங்குளத்துப் பெண்கள் ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். பொய்ச் சொல்லுக்கு வேர் கிடையாது. அச்சான புதிதில் கெட்டியாக நிற்கும். போகப் போக அடியில் சிவந்து, மை கசிந்து, ஆடத் தொடங்கும். மெய்யான சொல்லைக் கரண்டியால் சுரண்டினாலும் அசையாது. இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதுபோலத்தான்.

முத்துப்பேச்சிக்கும் இது தெரியும். ஆனால் ஈறுராஜா தைலத்தை வாங்கி வந்தது அவள் இல்லை, அவள் வீட்டுக்காரன் கருத்தபாண்டி. அவன் ஆட்டிப் பார்க்கிற ஆள் இல்லை, வாசித்துப் பார்க்கிற ஆள். அச்சில் எது இருந்தாலும் அதன்படி நடப்பான். தீப்பெட்டியில் 'ஈரம் படாமல் வைக்கவும்' என்று போட்டிருந்ததற்காக, மழை பெய்த அன்றைக்கு அதைத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவன்.

அவன் மினிபஸ்ஸில் கண்டக்டர். விசிலை முன்பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் கூட்டத்துக்குள் விட்டு டிக்கெட் கிழிப்பான். ஐப்பசியிலிருந்து அவன் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. கீழ்ப்பற்கள் ஆடின. விசில் நழுவி ஒருநாள் ஓர் அம்மாளின் தயிர்ச்சட்டிக்குள் விழுந்தது. விசில் கேட்காததால் டிரைவர் நிறுத்தங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தில் இறங்க வேண்டிய வாத்தியார் சுடுகாட்டில் இறங்கித் திரும்பி நடந்தார். பஸ் முதலாளி ஆளனுப்பிச் சொன்னார்: "பொங்கல் லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கும்போது விசில் ஒழுங்கா கேக்கணும். இல்லேன்னா வேற வாய் பாத்துக்கிடுவேன்."

"டவுன் ஆஸ்பத்திரிக்குப் போங்க. பல் டாக்டரு நல்லாப் பாக்காராம்" என்றாள் முத்துப்பேச்சி.

கருத்தபாண்டி புட்டியை வெளிச்சத்தில் பிடித்தான். "என்ன போட்டிருக்கு, பாத்தியா? 'ஈறு நோய் அடியோடு தீரும். பல் டாக்டரிடம் போக வேண்டியதில்லை.' போக வேண்டாம்னு அச்சடிச்சே குடுத்திருக்கான். அதை மீறிப் போகச் சொல்லுதியே."

"அந்த வரிதான் கிடந்து ஆடுது. தொட்டுப் பாருங்க."

"என் பல்லுந்தான் ஆடுது. அதுக்காக பல்லு இல்லேன்னு ஆயிருமாட்டி? விழுற வரைக்கும் பல்லு பல்லுதான், சொல்லு சொல்லுதான்."

சட்டமும் அதையேதான் சொன்னது.

மார்கழிப் பிறப்பில் அரசாங்கம் நடவடிக்கை எடுத்தது. மருந்து ஆய்வாளர் இருதயராஜ் அதே மினிபஸ்ஸில் வந்து, விசில் கேட்காததால் சுடுகாட்டில் இறங்கி, ஊருக்குள் நடந்து வந்தார். தைலம் விற்ற கடையின் கதவில், 'போலி மருந்துகள் மீது உடனடி நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற அறிவிப்பை ஒட்டினார். கடையில் இருந்த புட்டிகளைச் சாக்கில் கட்டினார். பிறகு வீடு வீடாகப் போனார்.

முத்துப்பேச்சி வீட்டில் அவர் கையைக் கழுவிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். புட்டியை மடியில் மல்லாத்தி, "வலிக்காது, சும்மா தொட்டுத்தான் பார்க்கிறேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு, சிறிய இடுக்கியால் ஒவ்வொரு சொல்லாக அசைத்தார். பஞ்சில் மை ஒட்டியது. முத்துப்பேச்சி அவருக்குக் காப்பியும், புட்டி துப்புவதற்கு ஒரு கிண்ணமும் கொண்டுவந்து வைத்தாள்.

"'தைலம்' பரவாயில்லை, கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது" என்றார். "'அடியோடு' நன்றாக ஆடுகிறது. இந்தப் பல் டாக்டர் வரிக்கு வேரே இல்லை."

"அப்போ பிடுங்கிருங்க, சார்."

"பிடுங்க எனக்கு அதிகாரம் இல்லைம்மா. கோர்ட் உத்தரவு வர வேண்டும். அல்லது தானாக விழ வேண்டும்."

"உத்தரவு எப்ப வரும்?"

"வைகாசி ஆகிவிடும்."

"அதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் வாயில ஒண்ணும் மிஞ்சாதே, சார். வேலையும் போயிரும்."

"பல் எங்கள் துறை இல்லைம்மா. சொல்தான் எங்கள் துறை."

அவர் புட்டியின் மூடிக்கு அரக்கு முத்திரை வைத்து, காவலுக்கு அவளிடமே விட்டார். அலுவலக அலமாரியில் போன வருஷத்து இருமல் மருந்துகள் இன்னும் படுத்திருந்தன. "வரி தானாக விழுந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது சாட்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கருத்தபாண்டிக்கு இப்போது தைலமும் இல்லை, டாக்டரும் இல்லை. இட்லியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தான். பஸ்ஸின் தகரத்தைக் கையால் தட்டி நிறுத்தினான். வழியில் மாடு முட்டினாலும் டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார்.

அவர்கள் மகள் யாழினி இரண்டாம் வகுப்பு. அவளுக்கும் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது, ஆனால் அது பால்பல். நாள் முழுக்க நாக்கால் தள்ளிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே தோசை சுட்ட முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வந்தது. பிடுங்கக் கூடாது என்றுதானே சட்டம் சொன்னது? தானாக விழுவதற்கு ஒத்தாசை செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து புட்டிக்கும் காலையில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். ஈரத்துணியை விரலில் சுற்றி, அந்த வரியை முன்னும் பின்னும் நீவிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யாழினி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த வரியைத் திரும்பத் திரும்ப உரக்க வாசித்தாள். பொய்யை வாசிக்க வாசிக்க ஆட்டம் கூடும்.

"எனக்கு வாய் வலிக்கும்மா."

"அதுக்கு எவ்வளவு வலிக்கும், நினைச்சுப் பாரு. இன்னும் கொஞ்சம் வாசி, தங்கம்."

ஒரு சனிக்கிழமை யாழினியின் பல் முறுக்கோடு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் லேபிளிலிருந்து அந்த வரியும், 'ஈறு நோய் அடியோடு தீரும்' என்பதையும் இழுத்துக்கொண்டு, முழுசாகக் கழன்று கிண்ணத்தில் விழுந்தது. முத்துப்பேச்சி அதைக் கழுவி, மகளின் பல்லுக்குப் பக்கத்தில் காயவைத்துவிட்டு, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று குடத்தோடு ஓடினாள். திரும்பி வந்தபோது இரண்டையும் காணோம். யாழினியின் கையெல்லாம் சாணி.

"எங்கட்டி?"

"சாணியில உருட்டி ஓட்டு மேல எறிஞ்சிட்டேன். அப்பதான புதுசு முளைக்கும்?"

"பல்லை எறியணும். அதை ஏன் எறிஞ்ச?"

"அதுவும் விழுந்ததுதானம்மா?"

முத்துப்பேச்சி ஓட்டைப் பார்த்தாள். அரசாங்கத்துச் சாட்சி அங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "சரி, கையைக் கழுவு" என்றாள்.

சாயந்திரம் கருத்தபாண்டி லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வேண்டாங்கிற வரிதான் விழுந்துட்டே. இனி டாக்டர்ட்ட போங்க."

"போகச் சொல்லி ஒண்ணும் போடலயே. வெறுங்காகிதத்தை நம்பி எப்படிப் போக?"

அவள் அவனோடு மல்லுக்கு நிற்கவில்லை. பொங்கலுக்கு வாங்கிய கரும்பைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, தினமும் புட்டியைத் துடைத்துவைத்தாள். கருத்தபாண்டி கரும்பைப் பார்ப்பான், பிறகு லேபிளைப் பார்ப்பான், பிறகு தன் பல்லைத் தொட்டுப் பார்ப்பான். பல் முன்னைவிட அதிகமாக ஆடியது.

பொங்கலுக்கு முந்தின வாரம் யாழினியின் ஈறில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. லேபிளிலும் தெரிந்தது. இரண்டுக்கும் விளிம்பு ரம்பம்போல் இருந்தது. இரண்டாவது நாள் லேபிளை வாசிக்க முடிந்தது: 'உள்ளே இருப்பது கிராம்பு எண்ணெயும் சாயத் தண்ணீரும். ஈறு நோய் தீராது. இன்றைக்கே பல் டாக்டரிடம் போ.'

கருத்தபாண்டி விரலால் தொட்டான். அசையவில்லை. சட்டையை மாட்டினான்.

"புட்டியே சொல்லுது, இன்னைக்கே போன்னு. நீ என்னடான்னா ஒரு வார்த்தை சொல்லாம உக்காந்திருக்க."

"தப்புதாங்க" என்று சிரித்துக்கொண்டே முத்துப்பேச்சி துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டர் பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார், இன்னொரு நாளும் வரச் சொல்லி எடுத்தார். ஒரு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றதெல்லாம் ஒழுங்காக விளக்கினால் நிற்கும் என்றார். விழுந்த பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கருத்தபாண்டி மகளிடம் நீட்டினான். அவள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "பெரியவங்களுக்கு முளைக்காதுப்பா."

பள்ளிக்கூடம் திறந்த அன்று விசில் ஊர் முழுக்கக் கேட்டது. வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இறங்கினார். சுடுகாட்டுக்குப் போக வேண்டியவர்கள் மட்டும் சுடுகாட்டில் இறங்கினார்கள்.

ஊருக்குள்ளேயே இறங்கியவர்களில் ஆய்வாளர் இருதயராஜும் ஒருவர். கடை வழியாக வீட்டுக்கு வந்து, புட்டியை மடியில் மல்லாத்தி, இடுக்கியால் அசைத்தார். ஒரு சொல்லும் ஆடவில்லை.

"விழுந்த வரி எங்கேம்மா?"

"ஓட்டு மேல இருக்கு, சார். பாப்பா எறிஞ்சிட்டா. அதான் நல்லதா முளைச்சிருக்கு."

அவர் எழுந்து வாசலுக்குப் போய் ஓட்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே 'உடனடி' என்ற சொல் இருந்தது, அடியில் லேசாகச் சிவந்து. கடைக் கதவில் அவர் ஒட்டியிருந்த அறிவிப்பிலிருந்து, அவர் வரும் வழியில்தான் விழுந்திருந்தது.

யாழினி எட்டிப் பார்த்தாள். "பெரியவங்களுக்கு முளைக்காதே, சார்."

இருதயராஜ் தோள்பையைத் திறந்து, வாழையிலையில் பொதிந்த சாணியை வெளியே எடுத்தார்.

"இருந்தாலும் போட்டுப் பார், பாப்பா" என்றார். "கொஞ்சம் உயரமாக எறி."