தீர்க்கதரிசி ஊமையான வருடம்

குரல்காரரின் குரல்வளையை மருத்துவர்கள் வெட்டி எடுத்த செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, முப்பத்தைந்து வருடம் பழைய அந்தப் பக்தித் தொடரின் எல்லாப் பிரதிகளிலும் தீர்க்கதரிசி ஊமையானார். தொலைக்காட்சி நிலையத்தின் கிடங்கில் இருந்த மூல நாடாவிலும், வீடுகளின் பரணில் கிடந்த கேசட்டுகளிலும், பிள்ளைகள் பிறகு குறுந்தட்டில் ஏற்றி வைத்தவற்றிலும் ஒரே நேரத்தில் இது நடந்தது. காற்று வீசியது, ஒட்டகங்கள் கத்தின, சீடர்கள் கேள்வி கேட்டார்கள். தீர்க்கதரிசி மட்டும் மலைமேல் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினார். அந்தத் தொடரை மறு ஒளிபரப்பு செய்ய எண்ணித் தூசி தட்டிய நிலையத்தார், நாடா பழுது என்று முதலில் நினைத்தார்கள். ஏழு பிரதிகளைப் போட்டுப் பார்த்த பிறகு, பழுது இல்லை, போனது அந்த ஒரு குரல் மட்டும்தான் என்று கோப்பில் எழுதி, அந்தக் காலத்து ஒலிப்பதிவாளரைத் தேடிப் பிடித்தார்கள்.

எட்டு ஞாயிற்றுக்கிழமை ஓடிய தொடர் அது. அந்த எட்டு வாரமும் காலை பத்து மணிக்குத் தெருவில் ஈ காக்கை இருக்காது. வேற்று மொழியில் எடுத்த படத்துக்கு நம் மொழியில் குரல் கொடுத்தவர்களின் முகம் யாருக்கும் தெரியாது, ஆனால் தீர்க்கதரிசிக்குப் பேசிய குரல்காரர் பேருந்தில் டிக்கெட் கேட்டால் நடத்துநர் எழுந்து நிற்பார். அவருடைய மனைவியும் அதே தொடரில் பேசியவள்தான், தனியாக அல்ல. ஊர்க்கூட்டம் வரும் இடங்களுக்கு ஆறு பேரை ஒரே மைக்கைச் சுற்றி நிற்க வைத்து, முன்னே வந்து ஒரு தடவை, பின்னே போய் ஒரு தடவை, முதுகைக் காட்டி ஒரு தடவை என்று கத்தவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஆயிரம் பேர் ஆக்குவது அந்தத் தொழிலின் வழக்கம். அந்த ஆறில் அவள் ஒருத்தி. எட்டாம் பாகத்தில் ஜனங்கள் தீர்க்கதரிசியைக் கல்லால் அடிக்கும் காட்சி பதிவான அன்று ஆறு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல். ஆள் குறைகிறதே என்று குரல்காரரே போய்க் கூட்டத்தோடு நின்று "அடிங்கடா அவனை" என்று கத்தினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தன் இடத்துக்கு வந்து, அடித்தவர்களை மன்னித்தார். இதை வெளியே யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவள் மட்டும் அன்றிலிருந்து சொல்லிக் காட்டுவாள். "ஊருக்கு நீங்க தீர்க்கதரிசி. வீட்டுக்குள்ள வந்தா கல்லெறிஞ்ச கூட்டம்."

ஒலிப்பதிவாளர் குறுந்தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, குரல்காரர் மருத்துவமனையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கழுத்தில் துணி சுற்றியிருந்தார், மடியில் சிலேட்டுப் பலகை. மூவரும் கூடத்தில் உட்கார்ந்து எட்டாம் பாகத்தைப் பார்த்தார்கள். கூட்டம் திரண்டது, கற்கள் பறந்தன, நடுவே அந்த "அடிங்கடா அவனை" மட்டும் துல்லியமாகக் கேட்டது. குரல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வாழ்நாள் முழுக்கப் பேசியதில் தனக்கென்று மிஞ்சியது இந்த இரண்டு வார்த்தைதான் என்பது அவருக்கு விளங்கியது. திரையில் தீர்க்கதரிசி எழுந்து நின்று வாயசைத்தார். எத்தனையோ தடவை கேட்ட வசனம், பழக்கதோஷத்தில் அவளும் கூடவே வாயசைத்தாள். அவள் வாயிலிருந்து அவருடைய குரல் வந்தது. இருபத்தெட்டு வயதில் இருந்த அதே குரல், அடியில் கொஞ்சம் கரகரப்போடு, உதட்டோடு ஒரு இம்மி பிசகாமல்.

ஒலிப்பதிவாளர் தொழில் தெரிந்தவர் என்பதால் பதறவில்லை. "சுருதி அப்படியே இருக்கு தங்கச்சி," என்றார். "மூச்சு மட்டும் கொஞ்சம் முன்னாடியே எடுக்குற. திங்கக்கிழமை வந்துடு." அவள் கணவரைப் பார்த்தாள். அவர் பலகையில் "போ" என்று எழுதினார், பிறகு அதை அழித்துவிட்டு "போய்ட்டு வா" என்று எழுதினார்.

அவள் மனதில் ஒரு பழைய கல் கிடந்தது. தொடர் முடிந்த கையோடு அடுத்த தொடருக்கு ஒரு ராணியின் குரலுக்காக அவளைக் கேட்டு வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. எடுத்தவர் குரல்காரர். "அவளுக்கு இதுல இஷ்டம் இல்லைங்க," என்று அந்த அருமையான குரலில் சொல்லி வைத்துவிட்டார். அவளிடம் சொல்லவில்லை. ஆறு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் ஒலிப்பதிவாளர் எதேச்சையாக, "நீதானே தங்கச்சி வேண்டாம்னு சொல்லிட்ட," என்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆமாம் அண்ணா என்று சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு பரிமாறினாள். அதன் பிறகு இருபத்தொன்பது வருடம், மகனை வளர்த்து, கல்யாணம் செய்து வைத்து, இரண்டு வீடு மாறி, அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டால் இல்லை என்று சாதிப்பார், அந்தக் குரலில் சொன்னால் தானும் நம்பிவிடுவோமோ என்ற பயம்தான் காரணம்.

திங்கள் முதல் வியாழன் வரை ஏழு பாகம் மளமளவென்று முடிந்தது. ஸ்டூடியோவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், வெள்ளை முடியும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு அம்மாள் ஆண் குரலில் சொற்பொழிவு ஆற்றுவதை முதல் நாள் எட்டிப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை எட்டாம் பாகத்தில், கல்லடி பட்டவர் எழுந்து "உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை" என்று சொல்லும் இடம் வந்தது. அவள் வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திறந்தாள், அப்போதும் காற்று. பதினோரு தடவை முயன்ற பிறகு ஒலிப்பதிவாளர் காதிலிருந்து கருவியைக் கழற்றினார். "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு தங்கச்சி. எட்டும் கையில வந்தாத்தான் ஞாயித்துக்கிழமை முதல் பாகத்தைப் போடுவாங்க. இந்த ஒரு வரி வரலேன்னா தொடரையே நிறுத்திடுவாங்க."

அவள் மாலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். குரல்காரர் ஜன்னலோரம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வேலை எப்படி என்று உதட்டை அசைத்தார், அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கடைசி வரி வரல."

"ஏன்?" என்று அவர் உதடு கேட்டது. கேட்ட குரல் அவள் வாயிலிருந்து வந்தது.

"வருத்தமில்லைன்னு சொல்லணும். எனக்கு வருத்தம் இருக்கு. அந்த ராணிக்குப் பேசக் கேட்டு ஃபோன் வந்ததே, அது எனக்குத் தெரியும்."

கஞ்சிக் கிண்ணத்தை அவர் ஜன்னல் திண்டில் வைத்தார். பலகையை எடுத்தார், பலப்பத்தைத் தேடினார், பிறகு இரண்டையும் கீழே வைத்துவிட்டார். எழுதினால் அது எழுத்தாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவளுக்கு நேராக முகத்தைத் திருப்பி, காமிராவுக்கு முன்னால் நிற்பவரைப் போல, நிதானமாக உதட்டை அசைக்கத் தொடங்கினார். குரல் கொடுப்பவர் எதிரே அசையும் உதடு சொல்வதைத்தான் சொல்ல வேண்டும், தனக்குப் பிடித்ததைச் சொல்லக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். அவள் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"உன்னைத்தான் கேட்டாங்க," என்றது அவருடைய குரல். "நான்தான் வேண்டாம்னுட்டேன். உன்கிட்ட சொல்லவும் இல்ல. நீ பேச வந்துட்டா என்னை யாரும் கேக்க மாட்டாங்கன்னு பயம். கூட்டத்துல நின்னு நீ கத்தும்போதே எனக்குத் தெரியும், நீ என்னைவிட நல்லா பேசுவேன்னு. தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுடு."

உதடு மூடித் திறக்கும் எழுத்துகளில்தான் குரல் கொடுப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள், அந்தக் கடைசி வார்த்தையில் அவர் உதடு மூடிய கணத்தில்தான் அவள் உதடும் மூடியிருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கடைசி வார்த்தை சரியாச் சேரல," என்றாள் தன் சொந்தக் குரலில். "இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சொன்னார். அன்று மொத்தம் நாலு தடவை எடுத்தார்கள். நாலாவதில் அவள் குரல் கொடுக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் அந்த வரி முதல் தடவையிலேயே வந்தது. எட்டு வாரம் தொடர் ஓடியது. நிறம் மங்கிவிட்டது என்றும், நடுவில் விளம்பரம் அதிகம் என்றும் நிலையத்துக்குக் கடிதங்கள் வந்தன. குரலைப் பற்றி ஒருவர் மட்டும் எழுதியிருந்தார், பழைய மாதிரியே இருப்பதில் மகிழ்ச்சி என்று. எட்டாம் ஞாயிறு இருவரும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். கற்கள் விழுந்தன, தீர்க்கதரிசி எழுந்து, வருத்தமில்லை என்றார். குரல்காரர் என்னவோ வாயசைத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் குரலில் அதைச் சொன்னாள்.

"இழுவை கொஞ்சம் ஜாஸ்தி."

"நீங்க அன்னிக்கு இழுத்ததுல பாதிதான்," என்று தன் குரலில் பதில் சொல்லிவிட்டு, சத்தத்தை ஒரு புள்ளி கூட்டி வைத்தாள்.