கெசையாவின் கால்விரல்கள்

1

இந்தக் கதை கோபத்தில் தொடங்கியது. இதைவிட நல்ல காரணம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

டன்மோர் என்ற ஊரின் நூலக வாசலில் கெசையா ஸ்டாக்வெல்லின் வெண்கலச் சிலை இருக்கிறது. பதினான்கு வயதுப் பெண். வெறுங்கால். ஒரு ஜோடி பூட்ஸை இரண்டு கையிலும் ஏந்தி, யாருக்கோ கொடுப்பது போலச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். சிலை முழுக்கக் கறுத்துப்போயிருக்கும். கால்விரல்கள் மட்டும் பொன் மாதிரி மின்னும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அந்த விரல்களைத் தேய்த்துவிட்டுத்தான் போவார்கள். தேய்த்தால் பாஸ் என்று ஊரில் பேச்சு. டிசம்பரில் வரிசையே நிற்கும்.

பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணின் காலைத் தொட்டுப் படிப்பு கேட்கிறார்கள். அதுவும் அவளுக்கு இல்லாத விரல்களைத் தொட்டு.

(அவசரப்பட்டுவிட்டேன். விரல் விஷயத்தை மூன்றாம் பகுதிக்கு வைத்திருந்தேன். கோபம் வந்தால் வரிசை போய்விடுகிறது. நானும் பள்ளியைப் பாதியில் விட்டவள்தான். ஏன் என்பது வேறு கதை. கேட்காதீர்கள்.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அதிபர் எல்பர்ட் ஸ்டாக்வெல்லின் குடும்பத்தைப் பற்றி நீங்கள் அறியாத சுவையான செய்திகள். அவர் மோரில் மிளகு போட்டுக் குடிப்பார். குதிரை என்றால் பயம். அவருடைய நாயின் பெயர் செனட்டர். மாமியார் வந்திருந்தால் வெள்ளை மாளிகைக்குள் சமையலறை வழியாகத்தான் நுழைவார். அவருடைய அக்கா கெசையா, தம்பி படிக்கவேண்டும் என்று தன்னிடமிருந்த ஒரே ஜோடி பூட்ஸை மகிழ்ச்சியோடு —"

அங்கே நின்றுவிட்டது. 'மகிழ்ச்சியோடு' என்ற சொல்லை என் கையால் தாண்ட முடியவில்லை. அதிபர் பிறந்த வீட்டை இப்போது நினைவு இல்லம் ஆக்கியிருக்கிறார்கள். அதன் சுவரில் இதே செய்திகள் இதே சொற்களில் தொங்குகின்றன. மிளகு, நாய், மாமியார், அக்கா, எல்லாம் ஒரே அளவு எழுத்தில்.

இரண்டாவது தொடக்கம்: "ஒஹாயோவில், ஆறு வளைந்து போகிற இடத்தில், டன்மோர் என்றொரு —" வேண்டாம். ஊரைப் புகழ்கிற மாதிரி வருகிறது. நான் புகழ வரவில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அதிபர்களின் வரிசையில் ஸ்டாக்வெல் என்று யாரும் கிடையாது. தேடாதீர்கள். அவரை நான்தான் செய்தேன். டன்மோரையும் செய்தேன். உண்மையில் இருந்த ஒருவர் மேல் என் கோபத்தை இட்டுக்கட்டினால், இந்த ஊர் கெசையா மேல் சிரிப்பை இட்டுக்கட்டியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? கோபம் மட்டும் நான் செய்தது அல்ல. அது முன்பே இருந்தது.

மூன்றாவது தொடக்கம்: "பூட்ஸைக் கழற்ற மாட்டேன் என்று ஆட்ரா சொன்னபோது அவள் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

பூட்ஸைக் கழற்ற மாட்டேன் என்று ஆட்ரா சொன்னபோது அவள் அம்மா லினெட் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் அதிபரின் பிறந்தநாள். ஊருக்கே சில்லி, அதாவது இறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு, கிளறுவது லினெட்டின் பொறுப்பு. நினைவு இல்லத்தில் டிக்கெட் கிழிப்பதும், தரை துடைப்பதும், பரிசுப் பொருள் கடையில் நிற்பதும் அவள்தான். அந்த வேலைக்காகத்தான் அம்மாவையும் மகளையும் பின்கட்டு அறைகளில் இருக்க விட்டிருக்கிறார்கள்.

"மாட்டேன்னா என்னடீ அர்த்தம்?"

"மாட்டேன்னா மாட்டேன்னு அர்த்தம்."

"அஞ்சு நிமிஷம். கழட்டு, குடு, சிரி, இறங்கி வா. உள்ள ஹீட்டர் போட்டிருப்பாங்க."

வருடா வருடம் பிப்ரவரியில் நீதிமன்றப் படிக்கட்டில் அந்தக் காட்சியை நடிப்பார்கள். கெசையாவின் வம்சத்தில் வந்த பெண் ஒருத்தி, பதினான்கு வயதானதும், கூட்டத்தின் முன் பூட்ஸைக் கழற்றி, அதிபராக நடிக்கிற பையனிடம் கொடுக்கவேண்டும். "எடுத்துக்கோ எல்பர்ட். எனக்கு எதுக்குப் படிப்பு?" என்று சொல்லவேண்டும். "அக்கா, இதை நான் மறக்கவே மாட்டேன்" என்று பையன் சொல்வான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு எல்லாரும் சில்லி சாப்பிடுவார்கள்.

இந்த வருடத்து எல்பர்ட், பல் டாக்டரின் மகன் வெஸ்லி.

"வெஸ்லிக்கு மட்டும் சாக்ஸ் தச்சுக் குடுத்திருக்காங்க" என்றாள் ஆட்ரா. "தோல் கலர்ல. கம்பளி. தூரத்துல இருந்து பாத்தா வெறுங்கால் மாதிரியே இருக்கும். பையனுக்குச் சளி பிடிச்சுடுமாம்."

"உனக்கு எங்க பிடிக்கும்? உன் வாயைக் கேட்டாலே சளி ஓடிடும்."

ஆட்ரா சிரிக்கவில்லை. "எனக்கும் ஒரு சாக்ஸ் குடுங்கன்னு கேட்டேன். ஜனங்க விரலைப் பாக்கத்தான் வர்றாங்கன்னு சொல்லிட்டாங்க."

லினெட் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"அம்மா, நீ நடிச்சப்ப உனக்கு என்ன குடுத்தாங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத. பீங்கான் பொம்மை."

"உன்கூட நடிச்ச பையனுக்கு?"

"காலேஜ் ஃபீஸ்."

"அந்தப் பையன் இப்ப எங்க?"

"அதான் அந்தப் படிக்கட்டுக்கு மேலேயே உக்காந்திருக்காரே. ஜட்ஜா." லினெட் கத்தியின் முதுகால் வெங்காயத்தைச் சட்டிக்குள் தள்ளினாள். "போதுமா? இப்ப கேரட்டைச் சீவு."

(இங்கே லினெட் அழுவதாக எழுதியிருந்தேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போடுவதாக. அடித்துவிட்டேன். லினெட் அழுகிறவள் இல்லை.)

லினெட்டின் குடும்பத்துப் பெண்களிடம் ஒரு பழைய காலணி இருக்கிறது. கெசையா கிழவியானபோது போட்டுக்கொண்டது. இடது கால். அதன் முனையில், பெருவிரலை அடுத்து மூன்று விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில், கம்பளியைத் திணித்துத் தைத்த சின்னத் திண்டு ஒன்று இருக்கும். கைவிட்டுப் பார்த்தால் மட்டும் தெரியும். அவர்கள் வீட்டில் ஒவ்வொரு பெண்ணும் ஒருமுறை கைவிட்டுப் பார்த்திருக்கிறாள்.

அவர்கள் சொல்வது இது. கெசையா பூட்ஸைக் கொடுக்கவில்லை. பள்ளிக்குக் கிளம்பி வாசலில் நின்றவளை அப்பா உட்காரவைத்து, காலிலிருந்து உருவித் தம்பியிடம் கொடுத்தார். அவள் அதோடு நிற்கவும் இல்லை. சாக்குத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு, உறைந்த ஓடை வழியாக, அந்தக் குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்குப் போனாள். ஒரு புயலில் மூன்று விரல்கள் செத்துப்போயின. அப்புறம்தான் நின்றாள்.

போனாள். இதுதான் என் கோபத்தின் நடு. அவள் விட்டுக்கொடுத்தவள் என்று சிலை வைத்திருக்கிறார்கள். அவள் விடாமல் போனவள்.*

* தம்பி பின்னால் தேர்தலுக்கு நின்றபோது மேடை மேடையாக அந்தப் பூட்ஸ் கதையைச் சொன்னார். ஜனம் அழுதது, ஓட்டுப் போட்டது. பதவியேற்புக்கு அக்காவையும் கூப்பிட்டார். கூட்டம் வருவதற்கு முன் உட்கார்ந்துவிடு, கூட்டம் போனபின் எழுந்திரு என்று மட்டும் சொல்லி அனுப்பினார். நொண்டுவது தெரியக்கூடாது.

அன்று கேரட் சீவி முடிந்ததும் லினெட் சொன்னாள்: "நீ கழட்டலன்னா திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்காது. நம்ம ரெண்டு பேருக்கும் வீடு இருக்காது. அதையும் யோசிச்சுக்கோ. கழட்டுன்னு நான் சொல்லல. யோசிச்சுக்கோன்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"தெரியும்டீ" என்றாள் லினெட்.

4

ஹாட்லி அம்மாளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

அவர்தான் நினைவுச் சங்கத்தின் தலைவி. முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக எழுதினேன். மெல்லிய உதடு, நரி ரோமக் கழுத்துப்பட்டை. படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. அப்படிப்பட்டவர்களால் ஓர் ஊரை இத்தனை வருடம் ஏமாற்ற முடியாது. அதற்கு நல்லவர்கள் வேண்டும். ஆகவே கழுத்துப்பட்டையை எடுத்துவிட்டேன். இப்போது அவர் ஒத்திகைக்கு வரும்போது பிள்ளைகளுக்குச் சூடாகச் சாக்லேட் பால் கொண்டுவருகிறார். ஆட்ராவின் கையைத் தன் கைக்குள் வைத்துச் சூடாக்குகிறார். கையைத்தான்.

லினெட் ஒருமுறை அந்தக் காலணியை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். "பாவம்" என்றார் ஹாட்லி அம்மாள். மனதாரத்தான் சொன்னார். "ஆனா இது நம்ம கதையோட பொருந்தல, லினெட்."

ஒத்திகையில் ஆட்ரா அவரிடம் கேட்டாள்:

"மேடம், விரல் போனதையும் சேத்துச் சொல்லலாமே?"

"சொல்லலாம் கண்ணு. ஆனா கூட்டத்துல குழந்தைங்க இருப்பாங்க."

"எனக்குப் பதினாலுதான்."

ஹாட்லி அம்மாள் குனிந்து அவள் முகத்துக்கு நேரே வந்தார். "இங்க பாரு. அவ ஏழை. யாருக்கும் தெரியாதவ. அவகிட்ட இருக்கிற ஒரே பெருமை, தானா மனசு வந்து குடுத்தாங்கிறதுதான். அதையும் பிடுங்கிட்டா அவகிட்ட என்ன மிச்சம் இருக்கும்?"

இதை எழுதிவிட்டு எனக்குப் பதில் தெரியாமல் பல நாள் நோட்டை மூடி வைத்திருந்தேன். துணிக்கூடைக்கு அடியில் கிடந்தது. ஒரு பாத்திரம் எழுதுகிறவளையே மடக்கிவிட்டால் என்ன செய்வது? ஆட்ராவை நல்ல வசனம் பேச வைக்கலாம் என்று —

ஆட்ராவே பேசினாள்.

"அது அவங்க பெருமை இல்ல மேடம். அவரோட பெருமை. அவங்ககிட்ட மிச்சம் இருந்தது அந்தக் கால்ல ரெண்டு விரல்."

"நீ கெட்டிக்காரி" என்றார் ஹாட்லி அம்மாள். "இந்தக் கெட்டிக்காரத்தனத்தை முகத்துல காட்டாம சிரி. எங்க, இன்னொரு தடவ."

வெஸ்லி சாக்ஸோடு நின்று கொட்டாவி விட்டான்.

5

படிக்கட்டில் பனியை வழித்து, மறுபடி உறையாமல் இருக்க உப்புத் தூவியிருந்தார்கள். உப்பு பட்டால் வெறுங்கால் எரியும் என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் சொல்லவில்லை.

நல்ல கூட்டம். தோளில் பிள்ளைகள். கையில் சூடான ஆப்பிள் சாறு. பள்ளிக்கூட பேண்டு வாசித்து முடித்தது. லினெட் கூட்டத்தின் ஓரத்தில் சில்லி அண்டாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஜட்ஜ் தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போது கெசையா" என்றது ஒலிபெருக்கியில் ஹாட்லி அம்மாளின் குரல், "மகிழ்ச்சியோடு தன் பூட்ஸைக் கழற்றினாள்."

ஆட்ரா படியில் உட்கார்ந்தாள். இடது பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தாள். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

கூட்டம் காத்திருந்தது. இப்படி நிறுத்தி நடிப்பது நன்றாக இருக்கிறது என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

வெஸ்லி பக்கத்தில் வந்து, "சீக்கிரம் குடு" என்று முணுமுணுத்தான்.

"உனக்குக் குளிருதா?"

"இல்ல. நான்தான் சாக்ஸ் போட்டிருக்கேனே."

மைக் அவனுக்குப் பக்கத்தில் இருந்தது. சதுக்கம் முழுக்கக் கேட்டது.

சிரித்தார்கள். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிலர் அவன் காலைப் பார்த்தார்கள், பிறகு அவளுடைய காலை. சிரிப்பு ஒவ்வொரு இடமாக நின்றது.

"அப்போது கெசையா" என்றார் ஹாட்லி அம்மாள் மறுபடி. இந்தமுறை குரலில் கொஞ்சம் கெஞ்சல். "மகிழ்ச்சியோடு —"

ஆட்ரா அம்மாவைப் பார்த்தாள். லினெட்டின் கையில் கரண்டி.

6

இனி முடிவு. எழுதிப் பார்த்தவை இவை.

கழற்றிக் கொடுத்துவிடுகிறாள். "எனக்கு எதுக்குப் படிப்பு?" என்கிறாள். லினெட்டுக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. பீங்கான் பொம்மை வருகிறது. அடுத்த வருடம் வேறொரு பெண். இது நடக்கக்கூடியதுதான். இதை எழுதினேன், தாளே கிழிகிற அளவுக்கு அடித்தேன்.

எழுந்து நின்று மைக்கில் உண்மையைச் சொல்கிறாள். கூட்டம் கைதட்டுகிறது. இது பொய். டன்மோர் கைதட்டாது. பார்வையைத் திருப்பிக்கொள்ளும். திங்கட்கிழமை லினெட்டுக்கு மிக மரியாதையாக ஒரு போன் வரும். கைதட்டலை எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும், நீங்களும் தட்டுவீர்கள், வீட்டுக்குப் போவீர்கள். உங்களுக்கு நிம்மதி கொடுக்க நான் இதை எழுதவில்லை.

வெஸ்லி குனிந்து தன் சாக்ஸைக் கழற்றி அவளிடம் நீட்டுகிறான். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன். இன்னொரு பையன் நல்லவனாகத் தெரிவதற்காக இன்னொரு பெண் படியில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

லினெட் கரண்டியை அண்டாவின் மேல் வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, படிக்கட்டை நோக்கி —

எதற்காக வருகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கயிற்றைக் கட்டிவிடவா? பூட்ஸை உருவவா? ஒரு நாள் கட்டுகிறாள், ஒரு நாள் உருவுகிறாள். இரண்டையும் அவள் பிரியத்தோடுதான் செய்வாள். அதுதான் எனக்குப் பயம்.

போதும். நான் எழுதமாட்டேன்.

எழுதினால் ஆட்ராவின் கால் என் கைக்கு வந்துவிடும். கழற்ற வைத்தாலும் என் கைதான், கழற்றாமல் வீரப்பெண்ணாக நிற்க வைத்தாலும் என் கைதான். கெசையாவின் காலை அப்பா பிடித்தார். தம்பி மேடையில் பிடித்துக் காட்டினார். சிலை செய்தவர் இல்லாத விரல்களையும் ஒட்டிவைத்தார். டிசம்பரில் பிள்ளைகள் பிடிக்கிறார்கள். அந்த வரிசையில் போய் நிற்க எனக்கு இஷ்டமில்லை.

ஆட்ரா இன்னும் படியில்தான் இருக்கிறாள். நீங்கள் கூட்டத்தில் இருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் படித்து வந்திருக்கிறீர்கள், ஆகவே முன்வரிசை. உங்கள் கண் இப்போதும் அவள் காலில்தான் இருக்கிறது. முதலில் அதை அங்கிருந்து எடுங்கள். முகத்தைப் பாருங்கள். உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். லினெட் கேட்கவில்லை, ஹாட்லி அம்மாள் கேட்கவில்லை, இத்தனை பக்கம் எழுதிய நானும் கேட்கவில்லை.

அவள் சொல்லப்போவது எனக்குத் தெரியாது. கேட்கிறவருக்குத்தான் சொல்வாள். சொன்னபிறகு திங்கட்கிழமை வரும். அப்போதும் நீங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தால், அதுதான் முடிவு.