தோட்டக்காரரின் கையெழுத்து

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரே ஒரு சட்ட விதியிலிருந்து முளைத்தது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு வக்கீல் ஆபீஸில் நாற்பத்தோரு வருஷம் உயில்களை நகலெடுத்தவன் நான். (மொத்தம் நாற்பது லட்சம் உயில்கள் என்று சொல்லிக்கொள்வேன். நீங்கள் குறைத்துக்கொள்ளுங்கள்.) அந்த விதியை முதன்முதலில் படித்த அன்று அடைத்த மூச்சு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "1923 மார்ச் மாதத்தில், மூடுபனி தவழ்ந்த ஒரு காலைப்பொழுதில், தெல்வால் மாளிகையின்—"

வேண்டாம். இங்கிலாந்தின் மூடுபனி மொத்தத்தையும் முன்னால் வந்தவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள்.

இரண்டாம் முயற்சி: கிழவர் ஆம்ப்ரோஸ் தெல்வாலை மண்ணில் வைத்துவிட்டு வந்து, அவருடைய உயிலைக் கேட்க உட்கார்ந்தார்கள். வீடும் தொள்ளாயிரம் ஏக்கரும் ஒரே மகள் ஹெஸ்டருக்கு. எந்தக் காரணத்தாலாவது அவளுக்குப் போகாவிட்டால், அண்ணன் மகன் சிரிலுக்கு.

ஹெஸ்டருக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருஷமாக அந்த நிலத்தின் வேலியும் வாய்க்காலும் ஆடுகளும் அவள் பொறுப்பு. சிரில் லண்டன்காரன். அவன் மீசை நுழைந்து ஐந்து நிமிஷம் கழித்துத்தான் அவன் நுழைவான். நிலம் கைக்கு வந்தால் மறுநாளே ஏலம்.

3

"ஏன் க்ரிம்ஷா, உயில்ல ஓட்டை கீட்டை ஏதாச்சும்?" என்றான் சிரில்.

வக்கீல் க்ரிம்ஷா கண்ணாடியைத் துடைத்தார். "ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்களுக்குச் சொத்து கிடையாது. அவங்க புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும்கூடக் கிடையாது. ஒரு சாட்சி டாக்டர். அவர் சம்சாரம் பேர் உயில்லயே இல்ல. இன்னொருத்தர் உங்க தோட்டக்காரர் ரூபன் மாட்லி."

"அடடா! ஹெஸ்டர், நீ மட்டும் அந்த முட்டைக்கோஸ்காரனைக் கட்டியிருந்தா வீடு எனக்குத்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹெஸ்டரும் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே திறந்து நின்றது. டீக்கோப்பை மடியில் கவிழ்ந்தது. சுடவில்லை. எதுவுமே உறைக்கவில்லை.

4

கட்டியிருந்தாள்.

1915இல், ஆட்டுச் சந்தைக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, வேல்ஸ் கடற்கரை ஊர் ஒன்றில் ரூபனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். தெரிந்தால் கிழவர் துப்பாக்கியை எடுப்பார். ஆகவே எட்டு வருஷமாக வெளியில் ரூபன் வெறும் மாட்லி, இவள் மிஸ் தெல்வால்.

ரூபன் ஏன் கையெழுத்துப் போட்டார்? எனக்கும் இந்தச் சந்தேகம் வந்து, ஒரு வாரம் அவரோடு பேச்சுவார்த்தை இல்லை. பிறகு புரிந்தது. 1920இல் கிழவர் ஜன்னலைத் திறந்து, "டேய் மாட்லி, கையைத் துடைச்சுட்டு மேல வா!" என்று கத்தினார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்கு யாரும் காட்டுவதில்லை. காட்டியிருந்தாலும் என்ன காரணம் சொல்லி மறுப்பார்?

(இங்கே ஒரு சபலம். விதி பார்ப்பது கையெழுத்து விழுந்த நாளை மட்டும். மறுநாள் தாலி—மன்னிக்க, மோதிரம்—மாற்றியிருந்தால் ஒரு குறையுமில்லை. 1915ஐ 1921 ஆக்கினால் தீர்ந்தது. ஆக்கினேன். உடனே அதை அடித்துவிட்டேன். பதிவேட்டுத் தேதியில் கைவைத்த குமாஸ்தாவை எங்கள் ஆபீஸில்—)

5

கையெழுத்தை உறுதிசெய்ய ரூபனை அழைத்தார்கள். தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"இது உன்னோடதுதானே மாட்லி?" என்றார் க்ரிம்ஷா.

"ஆமாங்க ஐயா."

"சம்பிரதாயத்துக்கு ஒரு கேள்வி. உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

ரூபன் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் போலும். கண்கூட இமைக்கவில்லை.

"இல்லீங்க ஐயா. இந்த மூஞ்சிக்கு யாரு வருவா?"

எட்டு வருஷத்தை ஒரே மூச்சில் தூக்கிக் கொடுத்துவிட்டார், ஹெஸ்டரின் நிலத்துக்காக.

6

முடிவு ஒன்று: அவள் வாய் திறக்கவில்லை. நிலம் அவளுக்கு. சாகும்வரை கணவர் பின்கட்டு வழியாக வந்து, "கேரட் கொண்டாந்திருக்கேன் மிஸ்" என்பார்.

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறாள். நிலம் சிரிலின் ஏலத்தில் போய், ஓக் மரங்கள் விழும் சத்தம்—

இரண்டையும் கிழித்தேன். இது மட்டும் மிஞ்சியது:

"உங்க பக்கம் ஏதாச்சும் சொல்லணுமா, மிஸ் தெல்வால்?" என்றார் க்ரிம்ஷா.

ஹெஸ்டர் எழுந்து நின்றாள். வேண்டாம் என்று ரூபனின் தலை நூலளவு அசைந்தது.

"மிஸ்டர் க்ரிம்ஷா, இவர்—"

'இவர் என் புருஷன்' என்றும் தொடரலாம். 'இவர் போகலாம்' என்றும் தொடரலாம். அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். சீக்கிரம் சொல்லுங்கள்.