மானேஜருக்குப் பார்வைக் கோளாறு

கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று என் மகள் ஒரு பெரிய பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட, ஒரு சாண் நீள வெளிநாட்டுப் பல்லி. பகலெல்லாம் தூங்கி, சாயங்காலம் எழுந்து, எல்லோரையும் முறைத்துவிட்டுச் சாப்பிடுவதால் அவள் அதற்கு வைத்த பெயர் மானேஜர்.

கூடவே இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு. முதல் பக்கத்தில் சூடு விளக்கு, தண்ணீர், ஒருநாள் விட்டு ஒருநாள் புழு. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரு சின்ன டப்பாவைப் பற்றி. அதில் ஈரப் பாசி போட்டுத் தொட்டிக்குள் வைக்க வேண்டுமாம், காயவே விடக்கூடாதாம். அதைப் பாதிதான் படித்தேன். ஈரமிருந்தால் பூஞ்சை பிடிக்குமே என்று எனக்கு நானே ஒரு விஞ்ஞானம் சொல்லிக்கொண்டு, டப்பாவை வெளியே எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

நான் ஒன்றும் விவரம் கெட்டவன் இல்லை. ஒரு கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கண் பரிசோதிப்பவன். ஆள் நாற்காலியில் உட்காரும் தோரணையிலேயே பார்வை எவ்வளவு குறைவு என்று சொல்லிவிடுவேன். சொல்லிக்கொள்வேன் என்பதுதான் சரி.

முதல் மாதம் ஒழுங்காகப் போயிற்று. ஐந்தாவது வாரம் மானேஜர் வெளுத்து, தோலைத் துண்டுதுண்டாக உரித்தார். அதற்குப் பிறகு சாப்பாட்டில் தகராறு. இடுக்கியில் புழுவை நீட்டினால் ஒரு விரற்கடை தள்ளி வெறும் காற்றைக் கவ்வினார். மறுமுறை கல்லைக் கடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார்.

"பிள்ளையை நினைச்சு ஏங்குது," என்றேன் மனைவியிடம்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தினமும் எட்டுப் பேர் சுவரில் மோதப் போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதால் சுலபத்தில் பதறமாட்டாள். "பல்லி ஏங்குதோ இல்லையோ, நீங்க ஏங்குறீங்க," என்றாள்.

நான் விடவில்லை. மகளின் பழைய சட்டை ஒன்றைத் தொட்டியோரம் மடித்து வைத்தேன். போனில் அவள் அனுப்பியிருந்த குரல் செய்திகளைப் போட்டுக் காட்டினேன். ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வளர்ந்தா போகத்தானே செய்வாங்க? நாமதான் மனசைத் தேத்திக்கணும்" என்று ஆரம்பித்தேன். பின்னால் மனைவி நின்றிருந்தாள்.

"என்னங்க, பல்லிக்கா ஆறுதல் சொல்றீங்க?"

"சும்மா, தொட்டியைத் துடைச்சிட்டு இருந்தேன்." கையில் துணி இல்லை.

மகள் போனில், "மானேஜர் சாப்பிடுறாராப்பா?" என்று கேட்டபோது, "ஜம்முன்னு சாப்பிடுறார்" என்று கூசாமல் புளுகினேன். பத்தாம் நாள் மனைவி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "வால் வத்திப் போச்சு. முதல்ல டாக்டர்கிட்ட கிளம்புங்க."

ஓட்டை போட்ட டிபன் டப்பாவில் மானேஜரை வைத்துக்கொண்டு, நாய்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மிருக டாக்டர் ஒரு பெண். பிரிவுத் துயரம், பசியின்மை, மனச்சோர்வு என்று நான் விலாவாரியாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, லென்ஸை எடுத்து மானேஜரின் முகத்தருகே பிடித்தார்.

"ரெண்டு கண்ணுலயும் உரிச்ச தோல் ஒட்டியிருக்கு. பாவம், பத்து நாளா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. தோல் முழுசா உரிய ஈர டப்பா வைக்கணுமே, வைக்கலையா?"

நான் சுவரிலிருந்த பூனைப் படத்தைப் பார்த்தேன்.

டாக்டர் படிவத்தை எடுத்தார். "சார் என்ன வேலை பார்க்குறீங்க?"

"ஒரு கடையில..."

"என்ன கடை?"

"கண் டெஸ்ட் பண்றார், டாக்டர்," என்றாள் மனைவி. "இருபத்திரண்டு வருஷமா."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். நர்சுக்கு அந்தப் பழக்கம் இல்லை, வாய்விட்டே சிரித்தார்.

சொட்டு மருந்து விட்டு ஊறவைத்து, ஈரப் பஞ்சால் மெல்ல ஒற்றியதும், கண்ணிலிருந்து சன்னமான தோல் வந்தது. அசல் காண்டாக்ட் லென்ஸ் மாதிரியே இருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை லென்ஸைத் தொட்டிருப்பேன்!

ஒரு வாரம், நாளுக்கு மூன்று வேளை சொட்டு மருந்து. அதை மட்டும் கை நடுங்காமல் விட்டேன்.

டாக்டரைப் பார்த்த அன்று மாலையே மகளைக் கூப்பிட்டு நடந்ததை ஒப்புக்கொண்டேன்.

"ரெண்டாவது பக்கம் படிச்சீங்களா இல்லையாப்பா?"

"பாதி படிச்சேம்மா."

"எந்தப் பாதி?"

"மேல் பாதி."

அவள் குரலை இறக்கினாள். "அம்மா எல்லாம் சொன்னாங்க. சட்டை, நாற்காலி, எல்லாம். அப்பா, பல்லிகிட்ட பேசுறதை எங்கிட்ட பேசலாம்ல? வாரத்துக்கு ஒருதரம் கூப்பிட்டு 'சாப்பிட்டியா'ன்னு கேட்டு வெச்சிடுறீங்க."

பழக்க தோஷத்தில் "சாப்பிட்டியா?" என்றே கேட்டுத் தொலைத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முக்கால் மணி நேரம் பேசினோம்.

நான்காம் நாள் மானேஜர் கண்ணை முழுதாகத் திறந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை திரும்பியதில் அவருக்குக் கிடைத்த முதல் காட்சி நான் என்பதில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் தெரியவில்லை. இடுக்கியைத் தேடப் பொறுமையில்லாமல் புழுவைக் கையாலேயே நீட்டினேன். குறி தவறாமல் பாய்ந்து, புழுவோடு என் விரல் நுனியையும் சேர்த்துக் கவ்வினார். நான் போட்ட கூச்சலில் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

விரலைப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. "இன்னொண்ணு குடுங்க, பசியில இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள். கொடுத்தேன். மூன்று புழு சாப்பிட்டார்.